இனுலின் நார்ச்சத்தும் குடலின் நல்ல பாக்டீரியாவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிக்கரி வேரிலும் வெங்காயம், பூண்டிலும் இயற்கையாகவே இருக்கும் நார்ச்சத்து இனுலின். முன்பு உணவியல் படித்தவர்கள் மட்டும் பேசிய பெயர் இது. இப்போது மருந்துக்கடை அலமாரியில் டப்பாவாக நிற்கிறது, பிஸ்கட் உறையில் அச்சாகிறது, புரோட்டீன் பொடியிலும் சேர்கிறது. குடலில் நல்ல பாக்டீரியாவை வளர்க்கும் என்று எழுதி விற்கிறார்கள். வளர்க்கிறது என்பது உண்மைதான். ஆனால் எந்த அளவில், யாருக்கு, எவ்வளவு வேகத்தில் என்பதைச் சொல்லாமல் விட்டால் பாதியைத்தான் சொன்னதாகும். அதனால்தான் பலரும் முதல் நாளே இரண்டு மேசைக்கரண்டி கலக்கிக் குடித்துவிட்டு, இரவெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அப்படிப்பட்டவர்கள் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

இனுலின் என்றால் சரியாக என்ன?

பழச்சர்க்கரை எனப்படும் ஃப்ரக்டோஸ் மூலக்கூறுகள் வரிசையாகக் கோத்த சங்கிலி அது. ஒரு முனையில் பெரும்பாலும் ஒரு குளுக்கோஸ் இருக்கும். சில சங்கிலிகளில் இரண்டு மூன்று கண்ணிகள்தான், சிலவற்றில் 60 வரைகூட இருக்கும். பத்துக்கும் குறைவான கண்ணிகள் உள்ள குட்டைச் சங்கிலிகளை ஒலிகோஃப்ரக்டோஸ் என்பார்கள். லேபிளில் எஃப்.ஓ.எஸ். என்று இருப்பதும் இந்த வகைதான்.

நெல்லும் உருளைக்கிழங்கும் தங்கள் சேமிப்பை மாவுச்சத்தாக வைத்துக்கொள்கின்றன. சிக்கரி, வெங்காயம், பூண்டு போன்றவை அதையே இந்தச் சங்கிலிகளாக வைத்துக்கொள்கின்றன. வறட்சியிலும் குளிரிலும் செடி தாக்குப்பிடிக்க அது உதவுகிறது. 1804-இல் ஜெர்மானிய வேதியியலாளர் வாலண்டைன் ரோஸ் ஒரு மூலிகை வேரைக் கொதிக்கவைத்து இதைப் பிரித்தெடுத்தார்.

நாம் சாப்பிடும் எந்தெந்தப் பொருள்களில் இருக்கிறது?

பச்சை எடையில் கணக்கிட்டால் சிக்கரி வேரில் 15 முதல் 20 சதவீதம், பூண்டில் 9 முதல் 16, வெங்காயத்தில் 2 முதல் 6, கோதுமையில் 1 முதல் 4 சதவீதம் இருக்கிறது. வாழைப்பழத்திலும் உண்டு, ஆனால் ஒரு சதவீதத்துக்கும் கீழே. அரிசியில் சொல்லிக்கொள்ளும்படி இல்லை.

ஆகவே சோறு சாப்பிடும் வீட்டில் இந்த நார்ச்சத்து வரும் முக்கிய வழி வெங்காயமும் பூண்டும்தான். பூண்டுக் குழம்பில் உங்கள் பங்குக்குப் பத்துப் பல் விழுந்தால், அது சுமார் 30 கிராம் இருந்தால், அதிலிருந்தே மூன்று கிராம்வரை கிடைத்துவிடும். நூறு கிராம் வெங்காயத்திலிருந்து இன்னும் இரண்டு, மூன்று கிராம். அமெரிக்கர்கள் சராசரியாக ஒரு நாளைக்குச் சாப்பிடும் இனுலின் 2.6 கிராம் என்று 1990-களின் கணக்கு ஒன்று உண்டு. நல்ல வெங்காயச் சாம்பாரும் பூண்டு ரசமும் உள்ள நாளில் நீங்கள் அதைச் சத்தமில்லாமல் தாண்டிவிடுகிறீர்கள்.

கடையில் விற்கும் பொடி எதிலிருந்து வருகிறது?

பெரும்பாலும் சிக்கரி வேரிலிருந்து. பெல்ஜியமும் நெதர்லாந்தும்தான் இதில் முன்னணி. அங்கே சர்க்கரைக்கிழங்கிலிருந்து சீனி எடுக்கும் முறையை அப்படியே சிக்கரிக்குப் பயன்படுத்துகிறார்கள்: வேரைக் கழுவி, மெல்லிய கீற்றாகச் சீவி, வெந்நீரில் ஊறவைத்து, இறங்கும் சாற்றைச் சுத்தம் செய்து, உலர்த்திப் பொடியாக்குகிறார்கள். வெள்ளை வெளேரென்று இருக்கும். சீனியில் பத்தில் ஒரு பங்கு இனிப்பு. வெதுவெதுப்பான நீரில் சுலபமாகக் கரையும், குளிர்ந்த நீரில் கட்டி தட்டும். நீலக் கற்றாழை இனத்திலிருந்து எடுக்கும் இனுலினும் விற்பனைக்கு வருகிறது.

நம்மால் செரிக்க முடியாததை பாக்டீரியா மட்டும் எப்படிச் செரிக்கிறது?

ஃப்ரக்டோஸ் கண்ணிகள் பிணைந்திருக்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. மாவுச்சத்தின் பிணைப்பை வெட்ட நம் எச்சிலிலும் கணையத்திலும் நொதிகள் உண்டு. இனுலினின் பிணைப்பை வெட்டும் நொதி மனித உடலில் எங்கும் இல்லை. இரத்தத்தில் நேரடியாக ஏற்றினாலும் உடல் அதைத் தொடாது, சிறுநீரகம் வடிகட்டி அப்படியே வெளியே அனுப்பிவிடும். இந்தக் குணத்தை வைத்தே சிறுநீரகம் எவ்வளவு வேகமாக வடிகட்டுகிறது என்று அளக்க 1930-களிலிருந்து இனுலினைப் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள்.

சாப்பிட்ட இனுலின் இரைப்பையையும் ஆறு மீட்டர் அளவுள்ள சிறுகுடலையும் பெரிய சேதமில்லாமல் கடந்து பெருங்குடலின் தொடக்கத்துக்கு வந்து சேரும். அடிவயிற்றின் வலப்பக்கம் இருக்கும் பகுதி அது. அங்கே காத்திருக்கும் பாக்டீரியாக்களில் பிஃபிடோபாக்டீரியம் என்ற குழுவிடம் அந்தப் பிணைப்பை வெட்டும் நொதி இருக்கிறது. அவற்றில் பல இனங்கள் குட்டைச் சங்கிலியை முழுசாகத் தங்கள் செல்லுக்குள் இழுத்துக்கொண்டு, உள்ளே வைத்து வெட்டுகின்றன. வெளியே வெட்டினால் உதிரும் சர்க்கரையைப் பக்கத்தில் இருப்பவை பறித்துக்கொள்ளும். உள்ளே இழுத்துவிட்டால் அந்தப் பயம் இல்லை. மற்றவற்றை முந்திக்கொண்டு பிஃபிடோ பெருகுவதற்கு இது முக்கியமான காரணம்.

நீளச் சங்கிலி என்றால் கதை வேறு. பல பிஃபிடோ இனங்களால் அதை நேரே கையாள முடியாது. பாக்டீராய்ட்ஸ் குழுவில் சில இனங்கள் வெளியிலேயே அதைத் துண்டாக்கும், சிதறுவதை மற்றவை எடுத்துக்கொள்ளும். அதனால் குட்டை வகை வேகமாக, பெருங்குடலின் தொடக்கத்திலேயே தீர்ந்துவிடும். நீள வகை மெதுவாகப் புளித்து, இன்னும் உள்ளே வரை போய்ச் சேரும்.

பிஃபிடோபாக்டீரியாவை ஏன் நல்லது என்கிறார்கள்?

1899-இல் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் ஹென்றி டிசியே என்ற குழந்தை மருத்துவர் தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளின் மலத்தில் இவற்றைக் கண்டுபிடித்தார். தாய்ப்பால் குடிக்கும் பிள்ளையின் குடலில் பல சமயம் இவைதான் பெரும்பான்மை. வயது ஏற ஏறக் குறைந்து, பெரியவர்களில் மொத்த பாக்டீரியாவில் சில சதவீதம் என்ற அளவுக்கு வந்துவிடும்.

இவை அசிட்டேட், லாக்டேட் என்ற இரண்டு அமிலங்களை உண்டாக்குகின்றன. அதனால் குடலின் உட்புறம் கொஞ்சம் புளிப்பாகிறது, புளிப்பு பிடிக்காத கிருமிகள் பெருகுவது சிரமமாகிறது. ஆனால் கதை இங்கே முடிந்துவிடுவதாகப் பல விளம்பரங்கள் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். முக்கியமான பங்கு அடுத்த கட்டத்தில்தான் வருகிறது.

அடுத்த கட்டம் என்ன?

பியூட்டிரேட். பெருங்குடலின் உட்சுவரில் வரிசையாக நிற்கும் செல்களுக்கு இதுதான் பிரதான எரிபொருள். அவற்றின் சக்தித் தேவையில் சுமார் 70 சதவீதம் இதிலிருந்தே வருகிறது. இரத்தம் கொண்டுவரும் குளுக்கோஸைவிட, குடலுக்குள் பாக்டீரியா தயாரித்துக் கொடுக்கும் இந்தக் கொழுப்பு அமிலத்தைத்தான் அந்தச் செல்கள் அதிகம் நம்பியிருக்கின்றன. நம் உடம்பின் ஓர் உறுப்பு, நம் செல்களே அல்லாத உயிர்களின் கையால் சாப்பிடுகிறது என்பதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்பு குறைவதில்லை.

பிஃபிடோபாக்டீரியாவால் பியூட்டிரேட் தயாரிக்க முடியாது. அவை வெளியே விடும் அசிட்டேட்டையும் லாக்டேட்டையும் எடுத்துப் பியூட்டிரேட்டாக மாற்றுபவை வேறு கூட்டம்: ஃபீகலிபாக்டீரியம், அனேரோஸ்டைப்ஸ், ரோஸ்பூரியா போன்றவை. ஒன்றின் கழிவு இன்னொன்றின் சாப்பாடு. இனுலின் சாப்பிட்டால் பிஃபிடோவோடு சேர்ந்து இந்த இரண்டாம் வரிசையும் வளர்கிறது என்பதுதான் நமக்கு வேண்டிய செய்தி.

பியூட்டிரேட்டை எரிக்கும்போது சுவர்ச் செல்கள் ஆக்சிஜனைச் செலவழிக்கின்றன. அதனால் குடலுக்குள் ஆக்சிஜன் கசிவது குறைகிறது. ஆக்சிஜன் பட்டால் வாடிவிடும் நல்ல பாக்டீரியாக்களுக்கு அது வசதி, ஆக்சிஜனில் கொழிக்கும் தொல்லைக்காரர்களுக்கு அது நெருக்கடி. பிள்ளைகள் பெற்றோரைக் காப்பது மாதிரி, பாக்டீரியா கொடுத்த உணவை வைத்துக் குடல்சுவர் அந்த பாக்டீரியாவையே காப்பாற்றுகிறது.

பாக்டீரியா கூடுகிறது என்பதற்கு மனிதர்களிடம் ஆதாரம் உண்டா?

நிறைய உண்டு. 1995-இல் பிரிட்டனில் கிளென் கிப்சன் குழுவினர் எட்டுப் பேருக்கு, அவர்கள் சாப்பிட்ட சீனியில் 15 கிராமை எடுத்துவிட்டு அதே அளவு ஒலிகோஃப்ரக்டோஸ் கொடுத்தார்கள். 15 நாளில் மலத்தில் பிஃபிடோபாக்டீரியா தெளிவாகக் கூடியது. அதே ஆண்டில்தான் கிப்சனும் மார்செல் ராபர்ஃப்ராய்டும் ப்ரீபயாடிக், அதாவது நமக்குச் செரிக்காமல் குடலின் நல்ல பாக்டீரியாவுக்கு உணவாகும் பொருள், என்ற கருத்தை முன்வைத்தார்கள்.

எட்டுப் பேர் என்பது சின்ன எண்ணிக்கை. ஆனால் அதற்குப் பிறகு பல நாடுகளில் செய்த சோதனைகளிலும் இதே முடிவு திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. மரபணுவை வைத்து எல்லா பாக்டீரியாவையும் ஒருசேர எண்ணும் முறை வந்தபிறகு, 2017-இல் பெல்ஜியத்தின் லூவென் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் லேசான மலச்சிக்கல் உள்ளவர்களுக்குத் தினம் 12 கிராம் சிக்கரி இனுலின் கொடுத்துப் பார்த்தார்கள். பிஃபிடோபாக்டீரியமும் அனேரோஸ்டைப்ஸும் கூடின, பிலோஃபிலா என்ற ஒன்று குறைந்தது. மற்ற நூற்றுக்கணக்கான இனங்கள் பெரும்பாலும் இருந்தபடியே இருந்தன. குடலையே தலைகீழாக மாற்றிவிடும் என்று விற்பவர்கள் இந்த முடிவை ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. ஆரம்பத்தில் பிஃபிடோ குறைவாக இருப்பவர்களுக்குத்தான் அதிகம் கூடும். ஏற்கெனவே நிறைய இருப்பவருக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது.

சரி, பாக்டீரியா கூடினால் எனக்கு என்ன கிடைக்கும்?

இதைத்தான் எல்லாரும் முதலில் கேட்க வேண்டும். எண்ணிக்கை கூடுவதே ஆரோக்கியம் ஆகிவிடாது.

உறுதியாகச் சொல்லக்கூடியது மலச்சிக்கல் பற்றி. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், சந்தைக்கு வரும் ஆரோக்கிய வாக்கியங்களில் பெரும்பாலானவற்றைத் தள்ளுபடி செய்துவிடும் கண்டிப்பான அமைப்பு. அதுவே 2015-இல், தினம் 12 கிராம் சிக்கரி இனுலின் வயிறு கழிவதை எளிதாக்குகிறது என்பதை ஏற்றுக்கொண்டது. மலம் இளகுகிறது, வாரத்தில் கூடுதலாக ஒன்றிரண்டு தடவை போக முடிகிறது. பேதி மருந்து மாதிரி அடித்துத் தள்ளுவது கிடையாது.

அடுத்தது கால்சியம். 2005-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், வளரும் பிள்ளைகள் ஒரு வருடம் தினம் 8 கிராம் எடுத்துக்கொண்டபோது கால்சியம் உறிஞ்சுவது கூடியது, எலும்பில் சேரும் தாதும் கூடியது. பெருங்குடலில் அமிலம் கூடினால் கால்சியம் நன்றாகக் கரைகிறது என்பது காரணம்.

2024-இல் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் 60 வயதைத் தாண்டிய 36 ஜோடி இரட்டையர்களிடம் ஒரு சோதனை நடந்தது. ஒருவருக்கு இனுலினும் எஃப்.ஓ.எஸ்.-உம் சேர்ந்த நார்ச்சத்து, கூடப் பிறந்தவருக்கு அந்த நார்ச்சத்து இல்லாத வெறும் பொடி. 12 வாரத்தில் நினைவாற்றல் தேர்வில் நார்ச்சத்து எடுத்தவர்கள் சற்று நன்றாகச் செய்தார்கள். தசை வலிமையில் வித்தியாசம் இல்லை. நம்பிக்கை தரும் செய்தி என்பேன். ஆனால் ஒரே சோதனையை வைத்து ஞாபகசக்திக்காக யாரும் டப்பா வாங்க வேண்டாம்.

சிக்கரி கலந்த ஃபில்டர் காபியில் இது கிடைத்துவிடுமா?

ஆசையாக இருக்கும், ஆனால் கிடைக்காது. குஜராத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் விளையும் சிக்கரி வேர், காபியோடு சேருவதற்கு முன்னால் நன்றாக வறுபடுகிறது. அந்தக் கரும்பழுப்பு நிறமும் கசப்பும் அடர்த்தியான டிகாஷனும் இனுலின் சங்கிலி உடைந்து கருகுவதால் வருபவை. நமக்குப் பிடித்த ருசியே நார்ச்சத்தைச் செலவழித்துத்தான் வருகிறது. மிச்சம் கொஞ்சம் இருக்கும். ஆனால் ஒரு டம்ளர் காபிக்கு இரண்டு மூன்று கிராம் சிக்கரிதான் போகிறது. அதில் தப்பிப் பிழைத்து டிகாஷனில் இறங்கும் இனுலின் ஒரு கிராமை எட்டினாலே பெரிது.

காபித்தூளில் சிக்கரி 49 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று இந்தியாவில் விதி உண்டு. நார்ச்சத்துக்காக அந்த எல்லைவரை போய்க் காபியைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

வயிறு ஏன் இப்படி உப்புகிறது? வாயு தாங்க முடியவில்லை.

அதிகம் பேர் கேட்பது இதுதான், பாதிப்பேர் பொடியை ஓரங்கட்டுவதும் இதனால்தான்.

பிஃபிடோபாக்டீரியா வாயுவை உண்டாக்குவதில்லை. அவை இனுலினைச் சாப்பிட்டு வெளியே விடுவது அமிலங்களை மட்டும்தான். ஹைட்ரஜனும் கார்பன் டைஆக்சைடும் வருவது, கூடவே பந்தியில் உட்காரும் மற்ற பாக்டீரியாக்களிடமிருந்து. பியூட்டிரேட் தயாரிக்கும் கூட்டமும் அதில் சேர்த்தி. ஆக, கொஞ்சம் வாயு வருவது வேலை நடப்பதன் அடையாளம். அதைச் சுத்தமாக இல்லாமல் செய்ய முடியாது.

வந்த வாயு என்ன ஆகிறது? ஒரு பகுதி இரத்தத்தில் கலந்து மூச்சுக்காற்றில் போய்விடும். மூச்சில் ஹைட்ரஜனை அளந்து செரிமானக் குறைபாட்டைக் கண்டுபிடிக்கும் சோதனை இதை வைத்துத்தான். இன்னொரு பகுதியைக் குடலிலேயே வேறு நுண்ணுயிர்கள் தின்றுவிடும். சிலருடைய குடலில் ஹைட்ரஜனை மீத்தேனாக மாற்றும் நுண்ணுயிர் உண்டு, நான்கு பங்கு ஹைட்ரஜனும் ஒரு பங்கு கார்பன் டைஆக்சைடும் சேர்ந்து ஒரே பங்கு மீத்தேன் ஆகிவிடுவதால் கொள்ளளவு வெகுவாகக் குறையும். எஞ்சியதுதான் நீங்கள் அவதிப்படும் வாயு.

திடீரென்று நிறைய இனுலின் வந்து இறங்கினால் வாயுவை உண்டாக்குபவை முதலில் பாயும், வாயுவைத் தின்பவை பெருக நேரம் பிடிக்கும். அந்த இடைவெளியில்தான் உப்புசம், கடமுடா சத்தம், வலப்பக்க அடிவயிற்றில் இழுத்துப் பிடிப்பது எல்லாம். கொஞ்சமாக ஆரம்பித்துத் தொடர்ந்து எடுத்தால் பலருக்கு இரண்டு மூன்று வாரத்தில் இது அடங்குகிறது. குட்டைச் சங்கிலி வகை வேகமாகப் புளிப்பதாலும் தண்ணீரைக் குடலுக்குள் இழுப்பதாலும் அதில் தொல்லை கூடுதல்.

அப்படியானால் எவ்வளவு எடுக்கலாம், எப்படி ஆரம்பிப்பது?

நல்ல உடல்நிலையில் இருப்பவர்களுக்குச் சாதாரண சிக்கரி இனுலின் நாளைக்கு 10 கிராம்வரை பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறது. எஃப்.ஓ.எஸ். என்றால் 5 கிராமிலேயே சிலருக்குத் தொல்லை தொடங்கும்.

என் யோசனை: ஒரு தட்டையான டீஸ்பூன், அதாவது இரண்டு மூன்று கிராம், சாப்பாட்டோடு சேர்த்து. வெறும் வயிற்றில் வேண்டாம். ஒரு வாரம் அதிலேயே நில்லுங்கள். வயிறு சும்மா இருந்தால் அடுத்த வாரம் இரண்டு டீஸ்பூன், காலையும் மாலையுமாகப் பிரித்து. தொல்லை வந்தால் பழைய அளவுக்கு இறங்கிவிடுங்கள். மோரிலும் கஞ்சியிலும் தெரியாமல் கரைந்துவிடும். 12 கிராம் மலச்சிக்கலுக்குப் பலன் காட்டிய அளவு என்பதால் எல்லாரும் அங்கே போய்த்தான் ஆக வேண்டும் என்றில்லை. 5 கிராமிலேயே பலருக்குப் பிஃபிடோ கூடுகிறது.

டப்பா வாங்குவதற்கு முன் இன்னொன்றையும் பாருங்கள். பெரியவர்கள் தினம் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்தை இயற்கையான உணவிலிருந்து பெற வேண்டும் என்று 2023-இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. காய் ஒரு கரண்டியும் பழமே இல்லாமலும் சாப்பிடுகிறவர், இரண்டு டீஸ்பூன் பொடியால் அந்தப் பள்ளத்தை மூடிவிட முடியாது.

எனக்கு ஐ.பி.எஸ். (அடிக்கடி வயிற்றுவலியும் உப்புசமும் மலம் கழிப்பதில் மாற்றமும் வரும் குடல் எரிச்சல் நோய்) இருக்கிறது. எடுக்கலாமா?

பொடியைத் தொடாமல் இருப்பது நல்லது. குறைந்தபட்சம் உங்கள் குடல் மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

ஐ.பி.எஸ். உள்ளவர்களுக்கு வாயு அதிகம் உண்டாகிறது என்றுதான் வெகுநாள் நினைத்தோம். நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் இனுலின் குடிக்கவைத்து எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தபோது, நோயாளிகளுக்கும் மற்றவர்களுக்கும் குடல் ஏறக்குறைய ஒரே அளவுதான் விரிந்திருந்தது. ஆனால் வலியும் அவதியும் நோயாளிகளுக்கே கூடுதல். வாயு ஒன்றுதான், அதை உணரும் நரம்புகள் அதிகக் கூர்மையாக இருக்கின்றன. "எல்லாம் மனப்பிரமை" என்று வீட்டில் கேலிக்கு ஆளாகிறவர்களுக்காகவே இதை அழுத்திச் சொல்கிறேன்.

சரியாகச் செரிக்காமல் குடலில் புளிக்கும் சர்க்கரை வகைகளைக் குறைப்பது ஃபாட்மேப் உணவுமுறை. ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தார் வகுத்த இந்த முறையில் வெங்காயம், பூண்டு, கோதுமையைக் கொஞ்ச காலம் நிறுத்தச் சொல்வது இதனால்தான். அறிகுறி குறையும், ஆனால் அந்தக் காலத்தில் பிஃபிடோபாக்டீரியாவும் குறையும். ஆகவே சில வாரங்களுக்குப் பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து எது ஒத்துக்கொள்கிறது என்று பார்க்க வேண்டும். நிறுத்தியதை நிறுத்தியபடியே வருடக்கணக்கில் விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். அது தவறு.

பூண்டு வாசனை இல்லாமல் சாப்பாடு இறங்காது என்றால் ஒரு வழி இருக்கிறது. இனுலின் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. முழுப் பல்லை எண்ணெயில் போட்டுப் பொன்னிறமாக வதக்கி, தண்ணீரோ காயோ சேர்க்கும் முன்னால் எடுத்துவிடுங்கள். மணம் எண்ணெயில் தங்கிவிடும், நார் பல்லோடு போய்விடும். குழம்பு கொதிக்கும்போது போட்டுவிட்டுப் பிறகு பொறுக்கி எடுப்பதில் பயனில்லை, அதற்குள் குழம்பில் இறங்கியிருக்கும்.

அதிகமாக எடுத்தால் தீங்கு உண்டா?

உண்டாகலாம். 2018-இல் அமெரிக்காவின் டோலிடோ பல்கலைக்கழகத்தில், ஏற்கெனவே குடல் பாக்டீரியா சீர்குலைந்திருந்த எலிகளுக்குச் சுத்திகரித்த இனுலினை மாதக்கணக்கில் கொடுத்தபோது சிலவற்றுக்குக் கல்லீரல் புற்றுநோய் வந்தது. எலியில் நடந்தது, அதுவும் ஒரு விசேஷ வகை எலியில். மனிதர்களுக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் 2022-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வில் பங்கேற்பாளர்களுக்கு வாரம் ஒன்றாக 10, 20, 30 கிராம் என்று ஏற்றிக்கொண்டே போனார்கள். 30 கிராமில் சிலருக்கு உடலில் அழற்சியின் அறிகுறிகள் கூடின. இத்தனைக்கும் அது வெறும் தாவர நார்.

நம் வழக்கமான சாப்பாட்டில் 30 கிராம் இனுலினை ஒரே நாளில் எட்டுவது கடினம். வெங்காயத்தில் அதை எட்ட அரைக் கிலோவிலிருந்து ஒன்றரைக் கிலோவரை வேண்டும். பொடியில்தான் அது சுலபம். ஆகவே பொடிக்கு ஓர் அளவு வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

சர்க்கரை நோய்க்கு நல்லதா?

இரத்தச் சர்க்கரையை இது ஏற்றாது, ஏனென்றால் செரிப்பதில்லை. பாக்டீரியா உண்டாக்கும் அமிலங்கள் வழியாக ஒரு கிராமுக்குச் சுமார் 1.5 கலோரி கிடைக்கும், அவ்வளவுதான். ஆனால் ஊசியாகப் போடும் இன்சுலினுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பெயர் ஒத்துப்போவதை நம்பி யாரும் மருந்தைக் குறைத்துவிடக் கூடாது.

குழந்தைகளுக்குக் கொடுக்கலாமா?

தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்குத் தேவையே இல்லை. தாய்ப்பாலில் குழந்தையால் செரிக்க முடியாத ஒரு சர்க்கரைக் கூட்டம் இருக்கிறது. அது பிஃபிடோபாக்டீரியாவுக்கென்றே வருவது. அதைப் பார்த்துத்தான் சில பால்பொடி நிறுவனங்கள் எஃப்.ஓ.எஸ். வகையைச் சேர்க்கின்றன. வளர்ந்த பிள்ளைகளுக்கு உணவிலிருந்து கிடைத்தால் போதும். மலச்சிக்கலுக்காகப் பொடி என்றால் குழந்தை மருத்துவர் சொல்லட்டும்.

தயிர் சாப்பிட்டால் போதாதா?

தயிர் வெளியிலிருந்து பாக்டீரியாவைக் கொண்டுவருகிறது, நார்ச்சத்து உள்ளே இருப்பவற்றுக்கு உணவு கொடுக்கிறது. வீட்டுத் தயிரில் இருப்பவை பெரும்பாலும் குடலில் குடியேறாமல் கடந்து போய்விடும். இரண்டும் வேண்டும். வெங்காயப் பச்சடியில் இரண்டும் சேர்ந்தே வருகின்றன.

சமைத்தால் அழிந்துவிடுமா?

வேகவைப்பதில் பெரிய இழப்பில்லை. நீரில் இறங்கும், ஆனால் அந்த நீரையும் நாம் குழம்பாகச் சாப்பிட்டுவிடுகிறோம். புளிப்பும் நீண்ட கொதியும் சேர்ந்தால் சங்கிலி கொஞ்சம் உடையும், ஆகவே வற்றக் காய்ச்சிய வத்தக்குழம்பில் ஓரளவு குறையலாம். கருகும்வரை வறுத்தால் போய்விடும்.

வெங்காயம், பூண்டு சாப்பிடாத வீடுகளில் என்ன செய்வது?

கவலையே வேண்டாம். பருப்பு, கொண்டைக்கடலை, தட்டப்பயறு இவற்றில் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்று வேறொரு வகைச் சங்கிலி இருக்கிறது. அதையும் பிஃபிடோபாக்டீரியா விரும்பிச் சாப்பிடும். பச்சை வாழைக்காயிலும், சமைத்து ஆறிய சோற்றிலும் செரிக்காத மாவுச்சத்து ஓரளவு உண்டு.

அந்த மாவுச்சத்தை வைத்து வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் நடந்த வேலை உலகம் பேச வேண்டியது. காலரா நோயாளிகளுக்குக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசலில், டாக்டர் பி.எஸ். ராமகிருஷ்ணா குழுவினர் லிட்டருக்கு 50 கிராம் செரிக்காத சோள மாவுச்சத்தைச் சேர்த்துக் கொடுத்தார்கள். பேதி சீக்கிரம் நின்றது, மலத்தின் அளவும் குறைந்தது. 2000-இல் அந்த ஆய்வு நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளிவந்தது. பெருங்குடலில் பாக்டீரியா அந்த மாவைப் புளிக்கவைத்து உண்டாக்கும் கொழுப்பு அமிலங்கள், உப்பையும் தண்ணீரையும் உடம்புக்குள் திரும்ப இழுக்கின்றன. உயிர் போகும் நோயில்கூட பாக்டீரியாவின் சமையல் கைகொடுக்கிறது.

ஆன்டிபயாடிக் சாப்பிட்டபிறகு எடுத்தால் பாக்டீரியா திரும்புமா?

மிச்சம் இருப்பவை பெருக உதவும். முற்றிலும் அழிந்துபோன இனத்தை நார்ச்சத்தால் புதிதாக உண்டாக்க முடியாது. மருந்து முடிந்த ஓரிரு நாளில் சாப்பாட்டில் காயும் பருப்பும் கூட்டுங்கள். வயிறு இன்னும் கழிந்துகொண்டிருந்தால் பொடி வேண்டாம்.

நிறுத்தினால் என்ன ஆகும்?

கூடிய பிஃபிடோபாக்டீரியா சில வாரங்களில் பழைய அளவுக்கு இறங்கிவிடும். 1995 சோதனையிலும் அதுதான் நடந்தது. உணவு வந்தவரை பெருகின, நின்றதும் குறைந்தன. மூன்று மாதம் பொடி குடித்துவிட்டுப் பிறகு வாழ்நாள் முழுதும் சும்மா இருக்கலாம் என்ற கணக்கு பலிக்காது. தினம் சமையலில் விழும் கைப்பிடி வெங்காயத்துக்கு நான் அதிக மதிப்பு கொடுப்பது இதனால்தான்.

ஒவ்வாமை வருமா?

மிக அரிது, ஆனால் வந்ததாக மருத்துவ இதழ்களில் பதிவு உண்டு. சாப்பிட்டதும் உதடு வீங்கினாலோ, தடிப்பு வந்தாலோ, மூச்சுத் திணறினாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

வாங்கும்போது லேபிளில் எதைப் பார்ப்பது?

சிக்கரி வேர் நார் என்றோ இனுலின் என்றோ மட்டும் இருக்கிறதா, கூடச் சீனியும் வாசனையும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். எஃப்.ஓ.எஸ். என்றால் பாதி அளவில் தொடங்குங்கள். பிஸ்கட்டிலும் சாக்லேட் பாரிலும் இனுலின் சேர்ப்பது பெரும்பாலும் சீனியையும் கொழுப்பையும் குறைத்த இடத்தை நிரப்பத்தான். இரண்டு பார் சாப்பிட்டால் 15 கிராம் உள்ளே போயிருக்கக்கூடும், உப்புசம் எங்கிருந்து வந்தது என்றே தெரியாது. பொடி ஈரத்தை இழுத்துக் கல்லாகிவிடும், அதனால் சின்ன டப்பாவாக வாங்கி, ஈரக் கரண்டி போடாமல் இறுக்கி மூடி வையுங்கள்.